புதன்கிழமைப் பாடம்

ஹபீபுல்லா பாய் கடை மாடி,
மலாக்கா.
3.7.1952, வியாழன்

மங்களம் அம்மாவுக்கு,

புக்கிட் மெலாத்தி தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தங்கையா எழுதுவது. என்னிடமிருந்து கடிதம் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டபோது பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே விழுந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அதில் ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் தங்க வந்தார்கள். துரை சாவியைக் கேட்டார். பிள்ளைகளுக்கு வேறு இடம் காட்டினால் தருகிறேன் என்றேன். அன்று மாலையே என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது கீழே பாயின் அரிசி மூட்டையும் கருவாடும், மேலே நானும் என் பெட்டியும்.

விஷயம் இதுதான். பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பதினாறு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பரீட்சிப்பார். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று அவர் எழுதிவிட்டால் பள்ளியை இழுத்து மூட துரைக்கு அதுவே போதும். மூடினால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் மறுநாளே புல்வெட்டுக் கும்பலில் நிற்க வேண்டியதுதான். உங்கள் சாந்தியும்தான்.

மலாக்கா டவுனில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் நீங்கள். லயத்தில் அச்செழுத்தைத் தடுக்காமல் வாசிக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை. ஆகவே கேட்கிறேன். ஒரே ஒரு வாரம். ரப்பர் பாலைக் கொட்டிவிட்டு வந்து, ஊரடங்குக்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மணி நேரம்.

பாடத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பலகை, பெஞ்சு எதுவும் வேண்டாம். திங்களன்று வாசிப்பு. தீப்பெட்டி, பால் டின், நாட்காட்டி என்று வீட்டில் எங்கெல்லாம் எழுத்து இருக்கிறதோ அதைப் பிள்ளைகளே தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். செவ்வாயன்று ரப்பர் கொட்டை பொறுக்கிவந்து பத்துப் பத்தாகக் குவித்துக் கணக்கு. புதன்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த வருஷத்தைத் தாயிடம் கேட்டு, இந்த வருஷத்திலிருந்து கழித்து, தன் வயதைத் தானே கண்டுபிடித்து எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் விடாமல் கேட்கிற கேள்வி அது. வியாழக்கிழமைக்கு மரமும் மழையும், வெள்ளிக்குக் கதை, சனிக்கிழமைக்குக் கடிதம் எழுதுதல். விவரம் தாளில் இருக்கிறது.

சாந்தி விஷயத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் இருப்பது தெரியும். விதி அப்படி இருந்தது. அதை இப்போது பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கையா

*

புக்கிட் மெலாத்தி தோட்டம்
5.7.1952, சனி

வாத்தியாருக்கு மங்களம் எழுதிக்கொண்டது.

கடிதத்தை லாரி டிரைவர் மாயாண்டி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டில் போலீஸ்காரன் பிரித்துப் பார்த்தானாம். தமிழ் தெரியாதவன். தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் படித்துவிட்டு நல்ல கடிதம் என்று திருப்பிக் கொடுத்தானாம்.

பேச வேண்டாம் என்றால் எனக்குப் பேசத்தான் தோன்றும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலேரியாவில் நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் தலைமாட்டில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தது அந்தக் குழந்தை. அவளுக்கு அப்பனும் இல்லை, வேறு நாதியும் இல்லை. முப்பது நாள் வரவில்லை என்று பெயரை அடித்தீர்கள். ஏன் வரவில்லை என்று ஒரு ஆளை அனுப்பிக் கேட்டீர்களா? ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு பந்து மைதானம். திரும்பி வந்தவளைக் கடைசி வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார வைத்தீர்கள். அவள் வயதுப் பிள்ளைகள் நாலாவது படிக்க, அவள் இன்னும் மூன்றாவது. விதியாம் விதி. நீங்கள்தானே பேனாவைப் பிடித்திருந்தீர்கள்.

இப்போது துரை உங்கள் பெயரை அடித்துவிட்டார். எப்படி இருக்கிறது?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றீர்களாம், பிறகு கொடுத்துவிட்டு, கக்கத்தில் சேர்க்கை ரிஜிஸ்தரை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினீர்களாம். பதினாறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன வாத்தியாரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பாடத்தை நடத்துவேன். உங்களுக்காக இல்லை. நான் விடிவதற்குள் எழுந்து, கேட்டில் அந்தப் பொம்பளைப் போலீஸ் மடியைத் தடவி ஒரு பிடி சோறு இருக்கிறதா என்று பார்த்த பிறகு, வெறும் வயிற்றோடு முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். என் மகள் அதைச் செய்யக்கூடாது. அவ்வளவுதான்.

பென்சில் இல்லை. தாள் இல்லை. ஆசிரியர் அவர்கள் இதையும் வீட்டுச் சாமானில் தேடச் சொல்வாரோ என்னவோ.

மங்களம்

*

மலாக்கா
6.7.1952, ஞாயிறு

தங்கச்சி மங்களத்துக்கு,

பாய் எட்டு பென்சிலும் கடையில் சாமான் மடிக்கிற தாள் ஒரு கட்டும் கொடுத்தார். பென்சிலைப் பாதியாக ஒடித்தால் பதினாறு. மாயாண்டியிடம் கொடுத்திருக்கிறேன். தாளில் ஒரு பக்கம் மங்கலாக அச்சு இருக்கும், மறுபக்கம் எழுதலாம்.

நான் ஓடவில்லை. சாவியைத் தராமல் நின்றேன். துரைக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். வேறொன்றும் செய்யவில்லை. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ரிஜிஸ்தரை எடுத்து வந்தது வேண்டுமென்றேதான். அதில் பிள்ளைகளின் பெயர் இருக்கும்வரை பள்ளி இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

சாந்தி விஷயத்தில், ஆஸ்பத்திரி இருந்த தூரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். நான் கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

திங்கட்கிழமை வாசிக்கும்போது பிள்ளை திணறினால் உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். பத்து எண்ணும்வரை காத்திருங்கள்.

தங்கையா

*

புக்கிட் மெலாத்தி தோட்டம்
8.7.1952, செவ்வாய்

வாத்தியாருக்கு,

ஒரே வரியில் தங்கச்சி ஆக்கிவிட்டீர்கள். இருக்கட்டும், வாபஸ் வாங்க வேண்டாம். தவறு என்று எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்தாலும் வந்ததுதானே.

நேற்று என் வாசலில் பதினாறு பேர். படிக்க எழுத்துத் தேடிக்கொண்டு வாருங்கள் என்றேன், லயமே இரண்டுபட்டது. தீப்பெட்டி, தைல டப்பா, பவுடர் டின், மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். தங்கராஜு என்ன செய்தான் தெரியுமா? அவன் அப்பாவுடைய வேட்டியையே கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டான், அதன் ஓரத்தில் மில் முத்திரை இருக்கிறதாம். அந்த மனுஷன் வெறும் துண்டோடு பின்னாலேயே ஓடிவந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் வேலி ஓரம் நின்ற போலீஸ்காரன் எட்டிப் பார்த்தான். வேலி போட்ட பிறகு இந்த லயத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பத்து எண்ணச் சொன்னீர்கள். முத்தாயி மகள் ஜெயாவுக்கு இருபது எண்ணினேன். வந்துவிட்டது அவளுக்கு.

இன்றைக்குக் கொட்டைக் கணக்கு. பெருக்கலில் நானே ஒரு இடத்தில் தப்புப் போட்டேன், சாந்தி திருத்தினாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு இந்தத் தாளைப் பாயின் அடுப்பில் போட்டுவிடுங்கள். இது கேட் வழியாக வரவில்லை, மாயாண்டி அண்ணன் தன் பனியனுக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்.

புதன்கிழமைப் பாடத்தை எடுத்துவிடுங்கள். வயது கண்டுபிடிக்கிற பாடம் இங்கே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். இந்த வருஷ ஆரம்பத்தில் அரிசிக் கார்டு எழுத, ஆபீசில் கணக்கு எழுதுகிற சாமிநாதன் கிராணி வீடு வீடாக வந்தார். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பெரியவர் பங்கு, கீழே என்றால் அதில் பாதி என்றார். பக்கத்து வீட்டில் முத்தாயி ஜெயாவுக்குப் பதிமூன்று என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் முறை வந்ததும் நானும் சாந்திக்குப் பதிமூன்று என்று சொன்னேன். உயரமான பிள்ளை, கிராணி ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். இப்படி ஒன்பது பிள்ளைகளுக்குப் பதிமூன்று. ஒரே வருஷத்தில் ஒன்பது பேர் பிறந்த லயம் எங்களுடையது. கிராணிக்குத் தெரியாமலா இருக்கும்? அவருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தால் சரி.

பிள்ளைக்குச் சோறு போடத்தான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் சொல்வேன். ஆனால் பொய்க் கணக்கு கொடுத்தால் ஜெயில் என்று கேட்டுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பாட்டுக்கு வயதைக் கண்டுபிடி என்று பாடம் அனுப்பினால், பிள்ளைகள் அதைத் தாளில் எழுதிக்கொண்டு தோட்டம் முழுக்கத் திரிவார்கள். வேறு கணக்கு அனுப்புங்கள். மாடு, ஆடு, எதையாவது எண்ணுகிறோம்.

மங்களம்

*

மலாக்கா
9.7.1952, புதன்

தங்கச்சிக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். பாயின் அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு இது தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது நீங்கள் எல்லோரும் சரியான வயதைத்தான் சொன்னீர்கள். ரிஜிஸ்தரில் அப்படியே எழுதியிருக்கிறேன். சாந்திக்கு 1942 என்று இருக்கிறது. பத்து வயது.

புதன் பாடத்தை விட்டுவிடுங்கள். மேலும் ஒன்று சொல்ல நினைக்கிறேன், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வயதைக் கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அரிசி போகும், உங்களுக்கு வழக்கும் வரலாம். பதிமூன்று என்றால் பதிமூன்று வயதில் மூன்றாவது படிக்கிறாயா என்று கேட்பார். யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். கேட்காமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்வோம்.

கோழை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் பத்துப் பன்னிரண்டு நாளாக அரிசி மூட்டைகளுக்கு மேல் தூங்குகிறேன். அதில் ஒரு படியைக்கூட உங்களுக்கு அனுப்ப முடியாது, அனுப்பினால் மாயாண்டி உள்ளே போவார். இப்படி இருக்கும்போது உங்கள் அரிசியைக் குறைக்கிற காரியம் எதையும் செய்யுங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

தங்கையா

*

புக்கிட் மெலாத்தி தோட்டம்
11.7.1952, வெள்ளி

வாத்தியாருக்கு,

கோழை என்று எழுத மாட்டேன். நேற்று மத்தியானம்வரை நானும் உங்கள் கட்சிதான்.

புதன்கிழமை ஆட்டுக்குட்டிக் கணக்குப் போட்டோம். ஆனால் நீங்கள் அனுப்பிய பழைய தாளைச் சாந்தி எடுத்துப் படித்துவிட்டாள். நான் எந்த வருஷம் பிறந்தேன் என்று கேட்டாள். ஜப்பான்காரன் வந்த வருஷம், 1942 என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தரையில் கரியால் கழித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், அப்படியென்றால் கார்டில் மட்டும் ஏன் பதிமூன்று என்று. போய்த் தண்ணீர் பிடித்து வா என்று விரட்டினேன்.

நேற்று மத்தியானம் பால் நிறுக்கிற இடத்தில் கிராணி ஒரு பட்டியலை வாசித்தார். பன்னிரண்டு முடிந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாதாம். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மலாக்காவிலிருந்து ஆள் வந்து அவர்களுக்கு அடையாளக் கார்டு எழுதி, கைநாட்டு வாங்குவாராம். கார்டு கைக்கு வந்ததும் கேட்டைத் தாண்டலாம், அன்றைக்கே புல்வெட்டு. எங்கள் ஒன்பது பேரும் அதில் இருக்கிறார்கள்.

கணக்குப் பாடம் நடத்துகிறவள் இல்லையா, உடனே கழித்துப் பார்த்தேன். பதினாறில் ஒன்பது போனால் ஏழு. ஏழு பிள்ளைகளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்கப்போகிறார்கள். பரீட்சையெல்லாம் சும்மா. செவ்வாய் வருவதற்குள் திங்களிலேயே முடித்துவிடுகிறார்கள். முடிப்பதற்கு அவர்கள் எடுத்த அரிவாள் எங்கள் வாயிலிருந்து போனது.

கிராணியிடம் போய், பச்சைப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியுமே என்றேன். அவர் கார்டை விரித்துக் காட்டினார். "நீ சொன்னதுதானே லா இது? அரிசிக்குப் பதிமூணு, புல்லு வெட்ட மட்டும் பத்தா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். வாழ்க்கையிலே முதல் தடவை.

சாயங்காலம் குழாயடியில் அம்மாக்கள் கூடினோம். முத்தாயி ஒரேயடியாக மறுத்தாள். அவளுக்கு நாலு பிள்ளை. ஜெயாவுக்குக் கிடைக்கிற பெரியவர் பங்கில்தான் சின்னதுகள் இரண்டும் வயிறு நிறைகின்றன. பள்ளிக்கூடம் போனால் போகட்டும், ஜெயா புல்வெட்டுக்குப் போனால் சம்பளமாவது வரும் என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது?

நான் ஒன்றுதான் சொன்னேன். திங்களன்று வைக்கிற கைநாட்டு அரிசிக் கார்டு மாதிரி இல்லை, அது சர்க்கார் புத்தகம். அதற்குப் பிறகு சாகும்வரை அதுதான் பிள்ளையின் வயது. மூன்று வருஷத்தை நாம் பிடுங்கிக்கொண்டோம், திருப்பிக் கொடுக்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றேன்.

இன்றைக்குக் கதைப் பாடம் நடத்த வேண்டிய நாள். நான் புதன்கிழமைப் பாடத்தை எடுத்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், உங்களிடம் கேட்காமல் எடுத்தேன். பிள்ளைகளோடு அம்மாக்களையும் உட்காரச் சொன்னேன். முத்தாயி தூரத்தில் அரிசி புடைத்துக்கொண்டு நின்றாள்.

எங்களில் யாருக்கு வருஷம் தெரியும்? ஒருத்தி, துரை ஸ்டோரைக் கொளுத்திவிட்டு ஓடிய வாரத்தில் மகன் பிறந்தான் என்றாள். தங்கராஜுவின் அம்மா, வெறும் மரவள்ளிக்கிழங்கு தின்ற வருஷம் என்றாள். மூன்றரை வருஷமும் அதுதானே தின்றோம், எந்தக் கிழங்கு என்று இன்னொருத்தி கேட்டாள். அப்புறம் அவன் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவதற்கு முன்னாலா பின்னாலா என்று பிடித்தோம். போன பிறகு இரண்டாவது மாதம். 1943. அந்த மனுஷன் திரும்பி வந்து மகனைப் பார்த்தபோது மகன் பயந்து அழுதானாம். சாந்தியின் அப்பா திரும்பி வரவில்லை, அதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு நடை பழக்கிவிட்டுப் போனவர்.

பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். இதையெல்லாம் நாங்கள் அவர்களிடம் சொன்னதே இல்லை. பிறகு ஒவ்வொருவரும் பாயின் தாளில் கழித்து எழுதினார்கள். பத்து. ஒன்பது. பத்து. பத்து. பதினொன்று. யாரும் தப்புப் போடவில்லை. ஜெயா அம்மாவைக் கூப்பிட்டு, நான் எப்போது பிறந்தேன் என்று கேட்டாள். முத்தாயி முறத்தைக் கீழே வைக்காமலேயே, ஜப்பான்காரன் சைக்கிளில் வந்த மாசம் என்றாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். மற்றவர்கள் சொல்வார்களா என்று தெரியாது. சத்தியம் செய்யச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. ஜெயில் என்றால் சாந்தியை யார் பார்ப்பது என்ற நினைப்பு வராமல் இல்லை. அதற்காக வாயை மூட முடியாது.

மங்களம்

*

மலாக்கா
12.7.1952, சனி

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் கணக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், அந்தப் பொண்ணு மட்டும் தனியா நிக்கப்படாது மாஸ்டர் என்றார். பிறகு நான் எங்கே போகிறேன் என்று அவருக்குப் புரிந்ததும், பாஸ் இல்லாமல் போனால் உன்னையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அவரே தடுத்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சேர்க்கை ரிஜிஸ்தர் என்னிடம் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகளின் சரியான வயதும் என் கையெழுத்தில், வருஷம் தேதியோடு, அரிசிக் கார்டுக்கு வெகு நாள் முன்பே எழுதியது. உள்ளே விட்டால் பெரட்டில் விரித்துக் காட்டுவேன். விடாவிட்டால் கேட்டிலேயே நிற்பேன். இந்தத் தடவை என் கை சட்டைப் பைக்குள் போகாது.

போன வாரம் உங்களுக்குப் பாடம் நடத்த வழி சொல்லிக்கொடுத்த ஞாபகம். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கைநாட்டு வைக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் எண்ணைப் பார்க்கட்டும். கிராணி புத்தகம் இங்கிலீஷில் இருந்தாலும் எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

தங்கையா

*

புக்கிட் மெலாத்தி தோட்டம்
14.7.1952, திங்கள், மாலை

அண்ணனுக்கு,

நீங்கள் வந்ததை மாயாண்டி அண்ணன் சொன்னார். காலையிலிருந்து கேட்டுக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்களாம். ரிஜிஸ்தரைக் கொடு என்று போலீஸ்காரன் கேட்டதற்கு, என் விரலோடு எடுத்துக்கொள் என்றீர்களாம். மத்தியானம் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பும்வரை அதை விடவில்லையாம். லயம் முழுக்க அதே பேச்சு. அங்கிருந்து பெரட்டுக் களம் தெரியாது, ஆகவே உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

பொழுது விடிகிற நேரம். எல்லோரும் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றோம். ஆபீஸ் வாசலில் மேசை. அதற்குப் பின்னால் கிராணி. பக்கத்தில் மலாக்காவிலிருந்து வந்த அதிகாரி, மலாய்க்காரர், மைப் பெட்டியும் கார்டு எழுதுகிற ஃபாரங்களும் வைத்திருந்தார். துரை சற்றுத் தள்ளி நின்றார்.

முதல் பெயரே சாந்தி. போனாள். கிராணி அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டு குனிந்து தாளைப் பார்த்தாள். இவ்வளவுதான் சொன்னாள்:

"இதுல பதிமூணுன்னு இருக்கு. எனக்குப் பத்து."

கிராணி சிரித்தார். உன் அம்மாவே சொன்ன வயது, வை விரலை என்றார். வரிசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ராத்திரியெல்லாம் பேச வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்தது இதுதான்.

"நான் பொய் சொன்னேன். அரிசிக்காகச் சொன்னேன். அவளுக்குப் பத்து வயசு. எழுதிக்குங்க."

பொய்க் கணக்குக்கு என்ன தண்டனை தெரியுமா என்றார் கிராணி. கேட்டில் ஒட்டியிருக்கிறதைத் தினமும்தான் வாசிக்கிறேன் என்றேன். அந்த மலாய்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். கிராணி ஏதோ மழுப்பினார். கடைத்தெருவில் பேசிப் பழகிய பாசார் மலாயில் நானே சொன்னேன், இந்தப் பிள்ளைக்குப் பத்து, ஜப்பான் வந்த வருஷம் பிறந்தவள், தாய் நான் என்று. அவர் சாந்தியைப் பார்த்தார். அவள் பாயின் தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். 1952, கீழே 1942, கோடு, கீழே 10.

தங்கராஜுவின் அம்மா தானாக வரிசையை விட்டு வந்தாள். எனக்கும் எழுதிக்கொள்ளுங்கள், என் மகனுக்கு ஒன்பது என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எட்டுப் பேர் ஆகிவிட்டது. முத்தாயி அசையவில்லை. நான் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அது வற்புறுத்துகிற மாதிரி ஆகிவிடும். துரை என்ன நினைத்தாரோ, வயதை மாற்றுகிறவர்களுக்கு இன்றைக்கே அரிசி பாதி என்று கிராணியைச் சொல்லச் சொன்னார். கிராணி அதை உரக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் முத்தாயி வந்தாள். யோசித்துப் பாருங்கள் அண்ணா, அதற்குப் பிறகு வந்தாள். ஜெயாவைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்து, துரையை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அரிசியக் கொறைங்க. வயசக் கூட்டாதீங்க."

அதிகாரி பன்னிரண்டுக்குக் கீழே கார்டு கிடையாது என்று சொல்லிவிட்டு மைப் பெட்டியை மூடினார். கார்டு இல்லாத பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஒரு பிள்ளையின் விரலிலும் மை படவில்லை. பட்டியலைக் கிராணி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் ஒன்பது பேர் பெயரையும் வேறு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். விசாரணை வருமாம். வரட்டும். அன்றைக்கும் இதையேதான் சொல்வோம்.

நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது பதினாறு பேரும் உட்காருவார்கள். நடத்த வேண்டியதை நடத்திவிட்டேன். வேட்டி முத்திரையைக் கொடுத்தாலும் படிப்பார்கள். உங்களை உள்ளே விடவில்லையே என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை, எங்கள் வாத்தியார் எங்கே என்று இன்ஸ்பெக்டரிடம் நானே கேட்கப்போகிறேன்.

மத்தியானம் கடையில் அரிசி அளந்தார்கள். சொன்னபடியே பாதி. முத்தாயி தன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நான் கூடவே போனேன். அவள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் கஞ்சியாக வைத்தேன். சாந்தி தட்டில் ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் வருமா என்று சட்டியைச் சுரண்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்மா. பத்து வயசுக்கு இவ்வளவுதான்."

மங்களம்